கரையில் ஓர் எழுத்துரு

கீழவைப்பார் கரையில் ஏற்றி வைத்த ஒரு வள்ளத்தின் அணியத்தில் 'அன்னை' என்று எழுதியிருந்தது. தூரிகை எழுத்து. சிவப்புக்கு அடியில் வெள்ளை நிழல். உப்புக்காற்று ஓரத்தைத் தின்றிருந்தாலும் அலைவாய்க்கரையில் நின்றே படிக்க முடிந்தது. 'னை' மட்டும் பழைய யானைத் துதிக்கை வளைவோடு இருந்தது. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் பாடநூலை விட்டுப் போன வடிவம் அது. வண்ணம் தீட்டியவர் கைக்கு அந்த அரசாணை போய்ச் சேரவில்லை போலும்!

வீடு திரும்பியதும் கைபேசியில் 'கேட்டமரன்' எழுத்துருவைத் திறந்தேன். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. தமிழும் லத்தீனும் சேர்ந்தது, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை ஒன்பது கனங்கள். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய், எழுத்துருவின் பெயராகக் கரை திரும்பியிருக்கிறது. கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே பருமன். 'கீழவைப்பார்' என்று அடித்துப் பார்த்தேன். 'ழ' கீழே வால் இறக்க, 'வை' முன்கொம்பு சுழிக்க, 'ர்' தலையில் புள்ளி ஏந்த, சின்னத் திரையிலும் நெரிசல் இல்லை. எனக்கு இடைக்கனம்தான் பிடிக்கும். மிகத் தடித்ததில் சுழிகளுக்கு மூச்சு முட்டுகிறது.

இப்போதைய வடிவமைப்பு மறுபடி கையெழுத்தின் பக்கம் சாய்கிறது. இலங்கையரான தாரிக் அஸீஸின் 'கவிவாணர்' எழுத்துருவில் அந்தக் கைவாகு தெரியும். ஆனாலும் அதில் ஒரு 'அ' மாதிரியேதான் அடுத்த 'அ'. வள்ளத்தின் வலப்பக்க 'அன்னை'யும் இடப்பக்க 'அன்னை'யும் அக்காள் தங்கை ஜாடையில் இருந்தன.