கிரவுஸும் முதிர்ந்த ஒயினும்: ஹாம்பிள்டன் மாளிகையின் இலையுதிர்கால விருந்து

இங்கிலாந்தின் வரலாற்று மாவட்டங்களுள் மிகச் சிறியதான ரட்லண்டில், நீர் சூழ்ந்த ஒரு மேட்டின் மீது நிற்கும் ஹாம்பிள்டன் ஹால், தொடக்கத்திலேயே ஒரு பருவத்துக்காகக் கட்டப்பட்ட வீடு. மதுவடிப்புத் தொழிலில் செல்வம் ஈட்டிய வால்டர் மார்ஷல், குளிர்காலத்து நரிவேட்டைக்கு வந்து தங்குவதற்கென்றே அதை 1881-இல் எழுப்பினார். அவருக்குப் பின் அவருடைய சகோதரி ஈவா ஆஸ்ட்லி கூப்பர் அங்கே விருந்தோம்பினார். பின்னாளில் நாடகாசிரியராகப் புகழ்பெற்ற நோயல் கவர்ட் இளமையில் அவருடைய விருந்தினராகத் தங்கினார். 1970களில் குவாஷ் ஆற்றின் பள்ளத்தாக்கில் அணை எழும்பி ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கம் உருவானபோது தாழ்வான நிலங்கள் நீரில் மூழ்க, மேட்டிலிருந்த மாளிகை அகன்ற நீர்ப்பரப்பைப் பார்த்தபடி நின்றது. 1980-இல் டிம் ஹார்ட், ஸ்டெஃபா ஹார்ட் தம்பதியர் அதை உணவுக்குப் பெயர்பெற்ற நாட்டுப்புற மாளிகை விடுதியாகத் திறந்தனர். 1982-இல் அதற்குக் கிடைத்த மிஷலின் நட்சத்திரம் நாற்பதாண்டுகளுக்கு மேலாக அதனிடமே இருக்கிறது. 1992-இல் அதன் அடுக்களையின் தலைமையை ஏற்றவர் ஆரன் பாட்டர்சன்.

இவ்வகை நாட்டுப்புற மாளிகை விடுதிகளின் வரலாறு 1948-இல் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் பிரான்சிஸ் கூல்சன் தொடங்கிய ஷாரோ பேயிலிருந்து கணக்கிடப்படுவது வழக்கம். பெரிய வீடுகளைக் கட்டிக்காக்க இயலாமல் பழைய குடும்பங்கள் கைவிட்டதும், போருக்குப் பின் நல்ல உணவுக்கு நாடு ஏங்கியதும் இவ்விடுதிகள் தோன்றியதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவற்றோடு ஒரு சட்டத்தையும் சேர்க்க வேண்டும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டலாகாது என்று 1967-இல் பிரிட்டனில் விதி வந்தபின், நகரத்துக்கு வெளியே இருக்கும் உணவகத்தில் ஒரு புட்டி நல்ல ஒயினை நிதானமாகப் பருகுவதற்கு, உண்டபின் படியேறிச் சென்று படுக்கக்கூடிய அறை இன்றியமையாததாகிவிட்டது. உணவையும் ஒயினையும் இரவுத் தங்கலையும் ஒரே நிகழ்வாகப் பிணைத்த இந்த ஏற்பாடு, பருவத்தை முழுமையாகச் சுவைப்பதற்கு இன்றும் மிகப் பொருத்தமான களம்.

ஹாம்பிள்டனின் ஆண்டில் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய சிறப்பு உண்டு. ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஜூன் நடுவோடு முடியும் ஆங்கில அஸ்பாரகஸ் தண்டுகளின் குறுகிய காலத்தைப் போற்றுவோர் பலர்; கோடையில் தோட்டத்துப் பழங்களுக்காகச் செல்வோரும் உண்டு. எனினும் இம்மாளிகையின் உண்மையான சிறப்பு வேட்டைப் பறவைகளில்தான் வெளிப்படுகிறது; அவற்றுள்ளும் செங்கிரவுஸ் பறவைக்கு ஈடானது வேறொன்றில்லை. ஹெதர் என்னும் ஊதாப்பூப் புதர் படர்ந்த வடபுலத்து மேட்டுநிலங்களில் வாழும் இந்தக் காட்டுக்கோழி இனப் பறவை, வளர்ந்தபின் பெரும்பாலும் அந்தப் புதரின் தளிர்களையே உண்கிறது. இறைச்சியில் இலேசான கசப்பும் பிசின் மணமும் ஊறியிருப்பது அதனால்தான். ஃபெசன்ட் பறவைகளைப் பண்ணையில் குஞ்சு பொரிக்கவைத்து ஆயிரக்கணக்கில் காட்டில் விடுகிறார்கள். கிரவுஸை அவ்வாறு பெருக்க இயலாது. குடலில் வாழும் ஒரு நுண்புழுவின் பெருக்கத்தாலும், வசந்தகாலத்துக் குளிர்மழையாலும் சில ஆண்டுகளில் அது வெகுவாகக் குறைந்துபோகும். இவ்வாறு ஓர் ஆண்டு கிடைத்து மறு ஆண்டு அரிதாகும் உணவே பருவம் என்பதன் பொருளைக் கற்பிக்கிறது.

கிரவுஸின் வேட்டைக்காலத்தை 1831-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை என வரையறுத்தது. முதல் நாளன்று சுட்ட பறவையை அன்றிரவே இலண்டன் மேசைக்குக் கொண்டுவரும் போட்டி நெடுங்காலமாக நடந்துவருகிறது. அந்த ஆர்வம் மதிக்கத்தக்கதே ஆயினும், சுவையின் அளவுகோலில் அது அவசரம். சுடப்பட்ட பறவையை இறகு களையாமல் குளிர்ந்த, காற்றோட்டமான அறையில் சில நாள் தொங்கவிட்டால்தான், தசையிலுள்ள நொதிகள் நார்களைத் தளர்த்தி மணத்தைத் திரட்டுகின்றன. அன்றே சமைத்த இறைச்சி விறைப்பாகவும் வெறுமையாகவும் இருக்கும். மேலும், அவ்வாண்டு பொரித்த இளம்பறவை செப்டம்பரின் பிற்பகுதியில்தான் முழு உடல் பெற்றிருக்கும். அப்போதும் அதன் தசை இளமை மாறாமல் இருக்கும். ஆகவே செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் முடிவு வரையிலான வாரங்களே கிரவுஸுக்கு உரிய பொழுது எனக் கொள்வதே தகும்.

பறவை ரட்லண்டில் பிறந்ததன்று, வடக்கேயிருந்து வருவது என்பதைச் சுட்டிக்காட்டி, தன் தோட்டத்தில் விளைந்ததையே சமைக்கும் விடுதிகளை உயர்த்திப் பேசும் ரசிகர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபர்ட்ஷரில் ரேமண்ட் பிளாங்க் 1984-இல் தொடங்கிய ல மனுவா ஓ கத் செசோன் விடுதியின் காய்கறித் தோட்டம் அந்த நெறியின் உச்சம் என்பதில் ஐயமில்லை. எனினும், அண்மை என்பது வேறு, பருவம் என்பது வேறு. கண்ணாடிக் குடிலில் வெப்பம் ஊட்டி மார்ச்சில் பழுக்கவைத்த தக்காளி வாசற்படியிலேயே விளைந்தாலும் பருவத்தைச் சேர்ந்ததாகாது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தாலும், அக்டோபரில் உண்ணும் கிரவுஸ் அக்டோபருக்கே உரியது.

இப்பறவையைச் சமைக்கும் மரபுமுறை எளிமையானது. அந்த எளிமையில்தான் சமையற்காரரின் கை தெரியும். ஒருவருக்கு ஒரு பறவை. வெண்ணெய் தடவி, மிகு வெப்பமான அடுப்பில் ஏறக்குறைய கால் மணி நேரம் வாட்டி, பிறகு அதற்குச் சற்றே குறைந்த நேரம் வெதுவெதுப்பான இடத்தில் ஆறவிட வேண்டும். அப்போதுதான் சாறு தசைக்குள் மீண்டும் பரவி, மார்புப் பகுதி இளஞ்சிவப்பாக நிற்கும். அதன் ஈரலை மசித்து வறுத்த ரொட்டித் துண்டில் பூசி அடியில் வைப்பதும், காகிதமெனச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கும், வாட்டர்கிரெஸ் கீரையும், ரோவன் கனியின் துவர்ப்பான ஜெல்லியும் உடன் வருவதும் மரபு. இவை எல்லாவற்றிலும் அதிகக் கவனத்துக்கு உரியதும், மிக அலட்சியமாகச் செய்யப்படுவதும் பிரெட் சாஸ் ஆகும். கிராம்பு குத்திய வெங்காயத்தைப் பாலில் மெல்லச் சூடாக்கி, அந்த மணத்தைப் பால் உறிஞ்சியபின், முந்தைய நாள் ரொட்டியின் துருவலை அதில் கரைத்துச் செய்யும் இந்தக் குழைவு, இடைக்கால ஆங்கிலச் சமையலில் ரொட்டியால் குழம்பைக் கெட்டிப்படுத்திய வழக்கத்தின் எஞ்சிய சாட்சி. கிரவுஸின் கசப்பைத் தணிப்பதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் ரொட்டி சப்பென்றிருந்தால் சாஸும் பசையாகிவிடும். நீண்ட நேரம் புளிக்கவைத்த மாவில் ரொட்டி சுடும் அடுமனையை டிம் ஹார்ட் 2008-இல் ஹாம்பிள்டன் பெயரிலேயே தொடங்கிவைத்தது, இந்த ஒரு கிண்ணச் சாஸைக் கருதினால்கூடப் பெரும் தொண்டு.

ஒயினைப் பொறுத்தவரை ஆங்கில மரபு போர்தோவின் சிவப்பு ஒயினை முன்வைக்கிறது. அதன் துவர்ப்பு கொழுப்புள்ள இறைச்சியோடு இணங்கும். கொழுப்பு மிகக் குறைந்த கிரவுஸோடு சேர்ந்தால் நாவை வறட்டும். பர்கண்டியின் பினோ நுவார் ஒயினை விரும்புவோர் பக்கம் நியாயம் கூடுதல், எனினும் அதன் நுட்பமான மணங்களை ஹெதரின் கசப்பு மூடிவிடுகிறது. இவ்விரண்டையும் விட உயர்ந்த துணை கோத் ரோத்தி எனல் வேண்டும். ரோன் ஆற்றின் மேற்குக் கரையில், ஆம்புயி ஊரைச் சுற்றிய செங்குத்தான சரிவுகளில் விளையும் சிரா திராட்சையின் ஒயின் அது. மணத்துக்காக வியோனியே என்னும் வெள்ளைத் திராட்சையை 20 விழுக்காடு வரை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. சிராவின் தனி மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்து வெளியிட்டனர். மிளகுக்கு மிளகு மணம் தருவதும் அதே சேர்மம்தான். குளிர்ந்த ஆண்டுகளில் அது திராட்சையில் மிகுதியாகச் சேர்வதால், ஒயினும் தன் ஆண்டின் வானிலையைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் அந்த மணத்தை உணரவே இயலவில்லை என்பதும் பதிவாகியுள்ளது. சிராவைப் பற்றிய கருத்துவேறுபாடுகள் சிலவற்றுக்கு இதுவே விளக்கமாகலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் முதிர்ந்த கோத் ரோத்தியில் பழச்சுவை பின்வாங்கி, புகையும் தோலும் மிளகும் முன்வரும்போது, கிரவுஸின் கசப்பு அவற்றோடு இழைந்து ஒரே சுவையாகிறது.

இத்தகைய விருந்துக்கான சூழல் நாடெங்கும் சுருங்கிவருவது வருந்தத்தக்கது. சிறுசிறு தட்டுகளாகப் பல உணவுகளை வரிசையாகப் பரிமாறும் சுவைப்பட்டியல் முறை பரவியபின், முழுப் பறவைக்கு மேசையில் இடமில்லாமல் போயிற்று. மார்புத் துண்டை மட்டும் எடுத்து, காற்று நீக்கிய பையில் அடைத்து, வெந்நீரில் மிதமாக வேகவைத்து, மூன்று வாய்க்கு வைக்கிறார்கள். வாட்டிய தோலும் எலும்பருகு இறைச்சியும் கால்களின் முரட்டுச் சுவையும் விருந்தினரை அடைவதேயில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு குவளை ஒயின் என்ற வழக்கமோ, ஒரே புட்டி இரண்டு மணி நேரத்தில் திறந்து மாறுவதைக் காணும் இன்பத்தைப் பறித்துவிட்டது. நிலவறையில் ஒயினை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது முதலீட்டை முடக்கும் என்பதால், முதிராத புட்டிகளையே விற்கும் விடுதிகளும் பெருகிவிட்டன. பெரு நாட்டு அஸ்பாரகஸ் கிறிஸ்துமஸுக்கும் கிடைக்கும் காலத்தில், காத்திருத்தலைக் கற்றுத்தரும் இடங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஷாரோ பேயும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. ஒரே குடும்பத்தின் உரிமையில், ஒரே சமையற்காரரின் கையில், முப்பதாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இயங்கிய ஹாம்பிள்டன் அதனாலேயே அருமையுடையது. பருவச் சமையல் ஓராண்டில் கற்றுக்கொள்ளக்கூடியதன்று, பல இலையுதிர்காலங்களின் நினைவில் விளைவது.

ஆதலால் இங்கிலாந்து செல்லும் வாய்ப்புள்ள உணவு ரசிகர்கள் கோடையின் கூட்டத்தைத் தவிர்த்து, அக்டோபரின் முதல் இரு வாரங்களுள் ஓர் இரவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பறவையை முழுதாகக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க வேண்டும். முதிர்ந்த ஒரு புட்டியை உணவுக்கு முன்பே திறந்துவைக்கச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் இருக்கும்வரைதான் இக்கலை இருக்கும்.