மாட்டுப் பண்ணைக்கு மாஸி 1035 இருந்தால் போதும்!

பால் மாடு வைத்திருக்கிறவர்கள் யார் வந்து டிராக்டர் வாங்க யோசனை கேட்டாலும் என் வாயில் வருவது ஒரே பதில்தான். நல்ல கண்டிஷனில் பழைய மாஸி ஃபெர்குசன் 1035 ஒன்று தேடிப் பிடியுங்கள். 1980களில் வந்த வண்டியா, யோசிக்கவே வேண்டாம், வாங்கிப் போடுங்கள். காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று அப்பா காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. விடிந்ததும் முதல் வேலையே அதற்குக் கட்டுத்தறியில்தான்.

உழவுக்கான டிராக்டர் வேறு, மாட்டுக்கான டிராக்டர் வேறு. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. உழவென்றால் ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். 50 குதிரைத்திறன் வண்டியை வாடகைக்குக் கூப்பிட்டால் வந்து ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாட்டு வேலை அப்படியா? கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் வேண்டும். பத்து மாடு இருந்தால் கால் டன்னுக்கு மேல் புல்லை அறுத்து, ஏற்றி, இறக்கி, நறுக்கிப் போட்டாக வேண்டும். அந்த மாடுகள் போடும் சாணி தினமும் 150 கிலோவுக்குக் குறையாது. பொங்கலானாலும் எழவானாலும் இதற்கு லீவு கிடையாது. பத்து நிமிஷம் ஓட்டுவது, நிறுத்துவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. இதற்கு மலைபோல ஒரு வண்டி எதற்கு? 35 குதிரைத்திறன், இரண்டு டன்னுக்குள் எடை, தட்டுப்போருக்கும் கட்டுத்தறிக்கும் நடுவே உள்ள சந்தில் வளைந்து திரும்பும் உடம்பு. இதுதான் வேண்டும், இது மட்டும்தான் வேண்டும்.

எங்களிடம் இருப்பது கோ-5 புல். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பையும் நேப்பியரையும் சேர்த்து உருவாக்கிய வரிசையில் வந்தது. நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு; அப்புறம் 45 நாளைக்கு ஒரு தரம் அறுத்துக்கொண்டே இருக்கலாம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தண்டு கரும்பு மாதிரி தடித்து நிற்கும். அப்படியே போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் மிதித்துவிடும். அதனால் நறுக்கியே ஆக வேண்டும். டிரைலரில் புல்லை ஏற்றி, பெரும்பாலும் என் வீட்டுக்காரிதான் ஓட்டி வருவாள், இறக்கிவிட்டு டிரைலரைக் கழற்றினால் அடுத்த நிமிஷமே அதே வண்டி தீவனம் நறுக்கும் மிஷினுக்கு மோட்டாராகிவிடுகிறது.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும். வண்டியின் பின்னால் சுழன்று மிஷின்களை ஓட்டும் பி.டி.ஓ-வில் ஷாஃப்டை மாட்டி, கை ஆக்ஸிலேட்டரை ஒரு இடத்தில் வைத்துவிட்டால் எஞ்சின் சீராக முனகிக்கொண்டிருக்கும். கை நிறையத் தடித்த தண்டாக மிஷினுக்குள் தள்ளினால் சத்தம் கொஞ்சம் கனத்து இறங்கும். உடனே டீசல் பம்ப்பில் உள்ள கவர்னர் தானாக டீசலைக் கூட்டும். ஒரு சொடுக்குப் போடும் நேரம்கூட ஆகாது, வேகம் பழையபடி எழுந்துவிடும். யாரும் லீவரைத் தொடவில்லை! வயர் இல்லை, சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. உள்ளே எடைகளும் ஸ்பிரிங்கும் பேசி முடிவு செய்துகொள்கின்றன. பெர்கின்ஸ் கம்பெனியின் வடிவமைப்பில் சென்னை சிம்ப்சன் செய்த மூன்று சிலிண்டர் எஞ்சின் அது. இந்த மாதிரி வேலைக்கு மணிக்கு இரண்டு லிட்டர் டீசல்கூட எங்கள் வண்டி குடிப்பதில்லை.

இந்த வண்டியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் இன்னும் பிரியம் கூடும். ஹாரி ஃபெர்குசன் வட அயர்லாந்தில் ஒரு விவசாயி மகன். 1909இல் தானே கட்டிய விமானத்தில் ஏறிப் பறந்த ஆள். கலப்பையைச் சங்கிலி போட்டு இழுக்காமல், கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க் என்று மூன்று இடத்தில் பிடித்து ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும் முறையை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். இன்றைக்கு எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்னாலும் நீங்கள் பார்ப்பது அதைத்தான். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அவருடைய டிஇ20 வண்டி ஐந்து லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. அதில் மூன்றை எட்மண்ட் ஹிலாரி, ஆமாம், எவரெஸ்ட் ஏறிய அதே ஹிலாரிதான், பனியில் ஓட்டிக்கொண்டு 1958 ஜனவரி 4ஆம் தேதி தென் துருவத்துக்கே போய்ச் சேர்ந்தார். 1953இல் ஃபெர்குசன் கனடாவின் மாஸி-ஹாரிஸோடு சேர்ந்தார். சிவப்பு மாஸியின் நிறம், சாம்பல் ஃபெர்குசனின் நிறம். பானெட் சிவப்பு, எஞ்சினும் கியர்பாக்ஸும் சாம்பல் என்று எங்கள் வண்டி இரண்டையும் சுமந்து நிற்கிறது. 1960இல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கி, அங்கே செம்பியத்தில் அந்த வம்சம் தமிழ்நாட்டுக்கு வந்து வேர்விட்டது.

ஃபெர்குசனின் மூளையை நான் தினமும் பார்ப்பது சாணி வழிக்கும்போது. பின்னால் பிளேடை மாட்டி, லீவரை விரல் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால், தரைக்கு மேல் அரை விரற்கடை இடைவெளியில் நிற்கச் சொன்னாலும் நிற்கும். மாடுகள் படுக்கிற மண் தரை பெயராது, மேலே கிடக்கும் சாணி மட்டும் உருண்டு வரும். சாணிக் குழியின் விளிம்புக்கு வந்ததும் கிளட்ச்சைப் பாதி மிதிப்பேன். எங்களுடையது டபுள் கிளட்ச். பாதி மிதித்தால் வண்டி நிற்கும், ஹைட்ராலிக் பம்ப் நிற்காது; நின்ற இடத்திலேயே பிளேடைத் தூக்கிக்கொள்ளலாம். முழுக்க மிதித்தால்தான் அதுவும் அடங்கும். ஒரே பெடலுக்குள் இவ்வளவு யோசனை!

டீசல் தீர்ந்து லைனில் ஏர் பிடித்தாலும் பயமில்லை. ஒரு ஸ்பேனர் போதும். ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் ஃபீட் பம்ப்பின் சின்ன லீவரைக் கையால் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை நுரையாக வரும், அப்புறம் குமிழி குறையும், கடைசியில் தெளிந்த டீசல் வழியும். திருகை இறுக்கி, அடுத்து டீசல் பம்ப்பிலும் அதையே செய்து சாவியைப் போட்டால் முடிந்தது. என் மகள் எட்டாவது படிக்கும்போதே இதைக் கற்றுக்கொண்டாள். பெரிய வேலைக்குத் தாராபுரம் மெக்கானிக் இருக்கிறார். ஒருமுறை வண்டி லேசாகத் தட்டுகிறது என்று ஃபோன் செய்தேன். “வண்டியக் கொண்டுட்டு வர வேண்டாங்ணா, ஃபோன எஞ்சின் பக்கத்துல வைங்க” என்றார். கேட்டுவிட்டு, “ரெண்டாவது இன்ஜெக்டர் சொட்டுதுங்ணா, கழட்டி மட்டும் குடுத்தனுப்புங்க” என்றார். அதேதான்! சாமான் எதற்கும் நாங்கள் காத்திருந்ததில்லை. சுற்றுவட்டாரத்து டவுன்களில் போய்க் கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

விடியற்காலை நாலு மணிக்குக் கரண்ட் போனால் பால் கறக்கும் மிஷின் நின்றுவிடும், மாடுகள் மடி கனத்துக் கத்த ஆரம்பிக்கும். எங்களுக்கு அந்தக் கவலை போய் ரொம்ப காலமாகிறது. பி.டி.ஓ-வில் ஆல்டர்னேட்டரைக் கோத்து, மீட்டர் 230 வோல்ட் காட்டும்வரை கை ஆக்ஸிலேட்டரை ஏற்றி வைத்தால் மிஷினும் ஓடும், லைட்டும் எரியும். ஆறு மணிக்கு சொசைட்டிக்குப் பால் போய்விடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பி.டி.ஓ நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது சுற்று. பழைய வண்டிகள் பலவற்றில் அதன் மேல் கவசம் எப்போதோ கழன்று போயிருக்கும். கவசம் போடாமல் ஓட்டாதீர்கள். துண்டு, வேட்டி, சேலைத் தலைப்பு எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

வாங்கப் போகிறவர்கள் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூடேறிய பிறகும் புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, அதற்குத் தக்க விலையைக் குறையுங்கள். லிங்கேஜில் கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பேசிக்கொண்டே ஒரு டீ குடியுங்கள். கலப்பை இறங்காமல் நின்றால் ஹைட்ராலிக் அருமை. ஆர்சி புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். எல்லாம் சரியென்றால் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். புது வண்டிக்கு லட்சக்கணக்கில் ஆகிற இந்தக் காலத்தில் நல்ல 1035 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்றால் உங்களுக்கு முன்னால் நான்கு பேர் அதைப் பார்த்திருப்பார்கள். அட்வான்ஸை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.