அலுங்காமல் மிதிப்பவர்கள்

பத்து, இருபது வருஷம் கழித்து மறுபடி சைக்கிள் ஏற ஆசைப்படுகிறவர்கள் நேரே கடைக்குப் போய் விலை கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் போகவேண்டிய இடம் வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் வாசல். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு மீன் வாங்க ஊரே திரண்டிருக்கும். வாரநாளில் விடிகாலையில் போய் ஓரமாக நின்றால், பிழைப்புக்காகச் சைக்கிள் மிதிப்பவர்களின் கைவாகையும் கால்வாகையும் கண்ணாரப் பார்க்கலாம்.

ஏறுவதிலிருந்தே தொடங்குகிறது வித்தை. இடது கால் பெடலில் இருக்க, வலது கால் தரையை இரண்டு மூன்று முறை உந்தும். வண்டி உருளத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கால் பின்பக்கமாக வீசி சீட்டைத் தாண்டும். நாமோ நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து, அதற்கப்புறம் மிதித்துத் தள்ளாடுகிறோம். உருளுகிற சக்கரத்தை இப்படி அப்படிச் சற்றே திருப்பிச் சாய்வைச் சரிக்கட்டலாம். நிற்கிற சக்கரத்தில் அது நடக்காது. கேரியரில் மீன்பெட்டி கட்டியிருந்தால் பின்னால் காலை வீச வழியில்லை. அப்போதும் அதே உந்தல்தான், ஆனால் கால் முன்பக்கம் மடங்கி பார் கம்பிக்கு மேலாக வரும். அறுபது வயதுக்காரர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இதைச் செய்யும்போது பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தாது என்று எழுதினால் அது மிகை. சிந்தும். வண்டிதான் அலுங்காது.

அடுத்தது மிதி. பழைய கறுப்பு வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று வந்தால் 28 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் உருளும். நிமிஷத்துக்கு 50 சுற்று மிதித்தால் மணிக்குப் பதினாறு கிலோமீட்டருக்குக் குறையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் சுமார் 12 கிலோமீட்டர். மூச்சு வாங்காமல், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே முக்கால் மணியில் போய்விடலாம். மேம்பாலங்களை விட்டால் வழியில் மேடே கிடையாது. இருபத்தொரு கியர் வண்டிக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் மணிக்கணக்கு வாடகை வண்டியில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள். விழுந்துவிடுவோம் என்று அன்றைக்கு ஹேண்டில்பாரை இறுக்கிய பிடி இன்னும் விடவில்லை. காசிமேட்டில் கைகளைப் பாருங்கள். விரல்கள் ஹேண்டில்பாரின் மேல் சும்மா கிடக்கும். முழங்கை தளர்ந்திருக்கும். பள்ளம் வந்தால் உடம்பு சீட்டிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி உட்காரும், அவ்வளவுதான்.

இந்த மிதி திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் ஷிப்ட்டு ஷிப்ட்டாக ஓடியது. 1946-இல் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப், தீப்பெட்டி செய்த விம்கோ, 1955-இல் மோட்டார் சைக்கிள் செய்ய வந்த என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்டு. சங்கு ஊதினால் சைக்கிள்கள் வெளியே வரும். புல்லட்டைப் பூட்டிக் கொடுத்தவர்கள் வீட்டுக்குச் சைக்கிளில் போனார்கள். அந்தச் சைக்கிளும் பக்கத்துச் சரக்குதான்: 1949-இல் முருகப்பா குழுமம் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். சினிமாக்காரர்களுக்கு வடசென்னை என்றால் குத்துச்சண்டையும் கேரம் போர்டும்தான் ஞாபகம் வரும். சைக்கிளை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எந்த வண்டி வாங்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். முட்டி வலிக்காரர்களுக்கு நடுக்கம்பி தாழ்ந்த லேடீஸ் சைக்கிள் உத்தமம். கௌரவம் பார்க்க வேண்டாம். 2001-02-இல் மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய பிறகு, மகள் படிப்பை முடித்ததும் அந்த வண்டி அப்பாவிடம் வந்துசேர்ந்த வீடுகள் உண்டு. சீட்டு உயரத்துக்கு ஒரே அளவு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முட்டி நேராக வேண்டும். ஷாக் அப்சார்பர் வைத்த வண்டியைத் தொடாதீர்கள். உப்புக்காற்று அந்த ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். செயினுக்கு வாரம் ஒருமுறை மிஷின் ஆயில் போதும்.

சாலையில் முதல் எதிரி கன்டெய்னர் லாரி. அது இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இடது ஓரமாக நுழைந்து முந்தவே கூடாது. தெருவில் தண்டவாளம் குறுக்கிட்டால் நேர்குத்தாகக் கடக்க வேண்டும். ஓரத்து மணலில் முன்பிரேக் ஆகாது. பிறகு காற்று. மார்கழி, தையில் வடக்கே போகும்போது வாடை முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். புதியவர்களுக்கு அதுவே நல்ல பருவம். சித்திரை, வைகாசி மாலைகளில் தென்கிழக்கிலிருந்து வருகிற கடற்காற்று ஆளை ஏமாற்றும்: நம் காலில்தான் பலம் என்று நினைத்து எண்ணூர்வரை போய்விடுவோம், வட்டியும் முதலுமாகத் திரும்பும் வழியில் வசூலித்துவிடும்.

எனக்கு மிதியைவிடவும் பிடித்தது, அந்த மிதிக்கு அடியில் இருக்கும் வேலை: சக்கரக் கோட்டம் எடுப்பது. பழைய வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால் ஏறுவதால் இந்தக் கணக்கு. கடைக்காரர் வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்கு அருகே ஒரு சாக்பீஸ் துண்டை அசையாமல் பிடிக்கிறார். கோணிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். ரிம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் ஹப்பின் இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பியின் நிப்பிளை இறுக்கி, வலப்பக்கத்துக் கம்பியைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொன்றும் கால் சுற்றுதான். இறுக்கிக்கொண்டே மட்டும் போனால் ரிம் ஹப்பை நோக்கி இழுபட்டு வட்டம் கெடும். முடிவில் அவர் கம்பிகளை விரலால் மீட்டிக்கொண்டே போகிறார். தளர்ந்த கம்பி மொத்தென்று ஒலிக்கும். மிருதங்கக்காரர் வலந்தலையைத் தட்டித் தட்டிச் சுதி சேர்க்கும்போது காட்டும் அதே செவிக்கூர்மை.

கம்பி ஏன் அறுகிறது என்று தெரிந்தால் இந்த வேலையின் அருமை இன்னும் புரியும். ஆள் உட்கார்ந்ததும் சக்கரத்தின் அடியில் இருக்கும் கம்பிகள் சற்றே தளர்கின்றன, மேலே போகும்போது மறுபடி இறுகுகின்றன. சுற்றுக்குச் சுற்று இப்படித் தளர்ந்து இறுகித்தான் கம்பி களைத்து அறுகிறது. எல்லாக் கம்பியும் முதலிலேயே சமமாக முறுக்கேறியிருந்தால் இந்த ஆட்டம் பரவலாகப் பங்கிடப்படும். ஐஸ் பெட்டியும் ஆளுமாக நூறு கிலோவுக்கு மேல் சுமந்தும் காசிமேட்டு வண்டிகள் நேராக ஓடுவது இதனால்தான். புது வண்டி வாங்கினாலும் ஒரு மாதம் ஓட்டிவிட்டு, கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஓடிய பிறகுதான் கம்பிகள் தம் இடத்தில் உட்காரும். கடையில் பூட்டியபோது இருந்த இறுக்கம் அதற்குள் தளர்ந்திருக்கும்.