ஸல்ஸலின் நடுவிரலும் பாராபியின் அளவுகோலும்

அல்பாராபி என்னும் பெயர் எழுந்தால் நம்மவர் மேடைகளில் ஒரு கதையும் தவறாமல் எழும். ஹலபு அரசர் ஸைபுத் தவ்லாவின் அவையில் அம்மேதை ஒரு கருவியை மீட்டினார், அவையோர் சிரித்தனர். சுருதியை மாற்றி மீட்டினார், அழுதனர். மீண்டும் மாற்றினார், வாயிற்காப்போன் உட்பட யாவரும் உறங்கினர், அவர் எழுந்து போய்விட்டார். இப்னு கல்லிகான் தம் வரலாற்றுக் கோவையில் எழுதி வைத்த கதை இது. சுவையானதுதான். ஆயினும் இதைச் சொல்வோருள் ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ என்னும் அவருடைய பெருநூலைப் புரட்டியவர் எத்தனை பேர்? கத்தாஸ் அப்துல் மலிக் கஷபாவின் விளக்கங்களோடு 1967இல் கெய்ரோவில் அச்சேறிய அந்நூல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். இசை கேட்பது ஆகுமா, ஆகாதா என்னும் பழைய வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. அதற்கு வேறு கிதாபுகள் உண்டு. ஒலியின் அளவைப் பற்றி இந்நூல் என்ன சொல்லிற்று என்பதே நம் விசாரணை.

நூலைப் பற்றி இரு கூற்றுகள் உலவுகின்றன. யவனர் கணக்கைப் பாராபி அரபியில் பெயர்த்து வைத்தார் என்பது ஒன்று. ஸ்தாயியை 24 சமக் கூறாகப் பகுக்கும் அரபு முறைக்கு வேர் அவரிடம் உள்ளது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மறுக்க ஊத் கருவியின் ஒரே ஒரு நரம்பு போதும். (நம் வீடுகளில் புகைக்கும் ஊதுக்கும் இதற்கும் அரபியில் பெயர் ஒன்றே, மரக்கட்டை என்பது பொருள்.)

அக்காலத்து ஊத்தில் நான்கு நரம்புகள்: பம், மஸ்லஸ், மஸ்னா, ஸீர். கழுத்தில் கட்டிய மெட்டுகள் விரல்களின் பெயரைப் பெற்றன: ஸப்பாபா சுட்டுவிரல், வுஸ்தா நடுவிரல், பின்ஸிர் மோதிரவிரல், கின்ஸிர் சுண்டுவிரல். ஒரு நரம்பின் நீளத்தை 81 பங்காக வைத்துக்கொள்வோம். சுட்டுவிரல் மெட்டில் அழுத்தினால் 72 பங்கு ஒலிக்கும். மோதிரவிரல் மெட்டில் 64. சுண்டுவிரல் மெட்டு முக்கால் நரம்பில் நிற்கும். அது நம் சுத்த மத்தியமம். இவையெல்லாம் 2, 3 என்னும் இரண்டு எண்களிலிருந்தே பிறந்தவை. பிதாகோரஸ் வழியினருக்கு நன்கு பழக்கமானவை. இதுவரை முதற்கூற்றினர் கட்சி செல்லும்.

நடுவிரலுக்கு வந்ததும் கட்சி சாய்கிறது. பாராபி அதற்கு ஓர் இடம் சொல்லவில்லை, பல இடம் சொல்கிறார். பழைய வுஸ்தா ஒன்று. பாரசீகர் வுஸ்தா ஒன்று. அது 72க்கும் 64க்கும் நட்ட நடுவே 68இல் நிற்பது. மூன்றாவது, கலீபா ஹாரூன் ரஷீத் காலத்து பக்தாதில் ஊத் வாசிப்பில் பெயர் பெற்ற மன்ஸூர் ஸல்ஸலின் வுஸ்தா. அது 68க்கும் 64க்கும் நடுவே 66இல் நிற்கிறது. 81க்கு 66, சுருக்கினால் 27க்கு 22. நம் நாட்டுச் சுரப்பெயரால் சொல்வதானால், சாதாரண காந்தாரத்திலும் சேராது, அந்தர காந்தாரத்திலும் சேராது இடையே நிற்கும் ஒலி.

தூய விகிதங்களில் ஈடுபாடுடைய இக்காலத்தார் சிலர் 22ஐக் கண்டதும், 11 என்னும் பகா எண் அரபியர் செவியில் குடியிருந்தது என்று வியக்கின்றனர். நாம் அதற்கு உடன்படோம். ஓர் இடைவெளியை இரண்டு முறை பாதியாக்கியதால் வந்த எண் அது. மெட்டுக் கட்டியவனின் கண்ணளவு அதில் இருக்கிறது. வானத்து இரகசியம் எதுவும் இல்லை. பாராபிக்குப் பின் வந்த இப்னு ஸீனா அதே நடுவிரலுக்கு 39க்கு 32 என்று எழுதினார். முன்னதைவிடச் சற்றே தாழ்ந்த ஒலி. எண் அரசன் என்றால் இவ்விருவரில் ஒருவர் பிழைபட்டவர். எண் சாட்சி என்றால் இருவரும் தாம் கேட்டதைச் சொன்னவர்கள்.

சாட்சி என்பதே பாராபியின் கொள்கை. வாசிப்பு முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று அவர் வெளிப்படையாக எழுதுகிறார். வான நூலின் அடிப்படைகள் நோக்கி அறிந்தவற்றிலிருந்து கிடைப்பதுபோல் இசைநூலின் அடிப்படைகளும் பயின்ற செவியிலிருந்தே கிடைக்கும் என்கிறார். கோள்கள் சுழலும்போது இன்னிசை எழுகிறது என்னும் பிதாகோரஸ் வழியினர் கருத்தைப் பொய்யென்று தள்ளுகிறார். யவனரிடம் கற்றவர்தாம், அவர்களுக்கு முரீது ஆகவில்லை.

நூலின் குறையையும் மறைக்கலாகாது. நான்கு சுரத் தொகுதிகளை யவனர் முறைப்படி வகை வகையாக அடுக்கிச் செல்லும் பக்கங்கள் வாசகனைக் களைக்கச் செய்வன. அவற்றுட் பல எந்த விரலும் தீண்டாதவை என்றே தோன்றுகிறது. அதே ஆசிரியர் பக்தாது தம்பூரின் பழைய மெட்டுகளை, நரம்பை 40 பங்காக்கி ஐந்து பங்கு வரை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும்போது நடை உயிர் பெறுகிறது.

இந்தச் சாட்சியத்தை முதலில் ஒழுங்குபடுத்தியவர் ஸபிய்யுத்தீன் உர்மவீ. கடைசி அப்பாஸி கலீபாவின் அவையில் இருந்து, 1258இல் பக்தாதின் அழிவுக்குத் தப்பி, 1294இல் மறைந்தவர். அவருடைய ‘கிதாபுல் அத்வார்’ ஸ்தாயியை 17 சுரமாக்கிற்று. எந்தச் சுரத்திலிருந்தும் சக்கரத்தைத் தொடங்கலாம் என்னும் வசதி அதில் உண்டு. நூலின் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஸ்தாயியை 1200 நுண்பங்காக அளந்தால் பாராபி சொன்ன ஸல்ஸல் மெட்டு 355இல் இருக்கிறது; உர்மவீயின் ஏணியில் அது 384க்கு ஏறிவிட்டது. அந்த 384, மேலைநாட்டார் தூயதென்று கொள்ளும், 5க்கு 4 என்னும் காந்தாரத்தை ஏறக்குறையத் தொடுவது. ஆங்கில இசையறிஞர் பாரி இந்த ஏணியை வானளாவப் புகழ்ந்தார். அவர் புகழும் இடமே நமக்கு உறுத்தும் இடம். கணக்கு முழுமை பெற ஸல்ஸலின் விரல் நகர்த்தப்பட்டது.

24 கூற்று முறை இதற்கும் மிகப் பிந்தியது. அதனை விளக்கி எழுதியவருள் முதன்மையானவர் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த மீகாயீல் மஷாக்கா. 1932இல் மன்னர் புஆத் கூட்டிய கெய்ரோ மாநாட்டில் அதையே சமக் கூறாக நிலைநாட்ட முயன்றனர். துருக்கியரான ரவூப் யெக்தா பே ஏற்கவில்லை. சுரக்குழு ஒருமுடிவுக்கு வராமலே கலைந்தது. சமக் கூறுகளில் அந்த நடுவிரல் சுரம் 350இல் விழும். பாராபியின் 355க்கும் இப்னு ஸீனாவின் 343க்கும் இடைப்பட்டதுதான். ஆகவே தொலைவைக் காட்டி அதை நாம் குறை சொல்லவில்லை. பல ஊர்களின் விரல்கள் நின்ற இடங்களையெல்லாம் ஒரே புள்ளியாக்கி, அதற்குப் பாராபியின் பெயரையும் சூட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

ஐயமுள்ளோர் கெய்ரோ காரி ஒருவரின் ஒலிப்பதிவையும் இஸ்தான்புல் காரி ஒருவரின் ஒலிப்பதிவையும், இருவரும் ராஸ்த் மகாமில் ஓதுவதாகத் தேர்ந்து, அடுத்தடுத்துக் கேட்கட்டும். மூன்றாம் சுரத்தில் கெய்ரோவின் குரல் ஸல்ஸலின் மெட்டருகே தாழ்ந்து நிற்கும். இஸ்தான்புல்லின் குரல் உர்மவீயின் மெட்டை நோக்கி ஏறி நிற்கும். மகாமின் பெயரோ இரண்டிடத்திலும் ராஸ்த்தான்.