ஒன்றரை நூல் நீட்டம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தின் லாரிப் பட்டறைகளில் ரிவிட் அன்றாடப் பொருள். தலையுள்ள ஓர் உலோகத் தண்டைத் துளையில் நுழைத்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அடித்து நசுக்கி இரண்டாம் தலையாக்கி, இரு தலைகளுக்கும் நடுவே தகடுகளைக் கழலாதபடி பிணைப்பதே தறைதல் எனப்படும் இவ்வேலை. பிரேக் ஷூவின்மேல் லைனிங் பொருத்தும் கடைகளில், முனை குடைவாக உள்ள சிறு ரிவிட்டின் விளிம்பு வெளிப்புறமாகச் சுருண்டு படிவதைக் காணலாம். லாரியின் சேசிஸில் நீளச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் கவ்விப் பிடிக்கும் தடித்த இரும்பு ரிவிட்டுகள் வேறு வகை. காவிரிக்கு அக்கரையில், கரூரின் பேருந்து பாடிகளில் அலுமினியத் தகட்டின்மேல் வரிசையாக ஓடுபவை இன்னொரு வகை. இந்த மூன்றையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கைவினையாகக் கட்டப்படும் சிறுவிமானத்தின் ரிவிட் வரிசை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அங்கே இருக்கும் கண்டிப்பு அதை வியக்க வைக்கும்.

வண்டிப் பாடி கட்டும் கைகளுக்கும் விமானத்துக்கும் உறவு புதிதல்ல. 1910-இல் சென்னையில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், தாம் வகுத்த அமைப்பின்படி ஒரு விமானத்தைக் குதிரைவண்டி, மோட்டார் பாடி கட்டும் சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அக்காலத்து விமானம் மரமும் துணியும் கம்பியும் சேர்ந்தது என்பதால் அதில் தறைவேலைக்குப் பெரிய இடமில்லை. அலுமினியத் தகடே விமானத்தின் தோலாகவும் சுமைதாங்கும் உறுப்பாகவும் ஆன பின்னரே ரிவிட் தன் ஆட்சியைப் பெற்றது. மும்பையின் அமோல் யாதவ் அடுக்குமாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் கட்டி, 2016-இல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த ஆறு இருக்கை விமானமும் இந்த உலோக மரபைச் சேர்ந்ததே. அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனம் பாகங்களாக அனுப்பும் இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் கட்டி முடிப்பவர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவிட்டுகளை அடித்திருப்பார்.

இதற்கான உலோகமும் இம்மண்ணுக்குத் தூரமானதன்று. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு, மேட்டூரின் மால்கோ ஆலை 1960-களிலிருந்து 2008 வரை அலுமினியம் உருக்கியது. எனினும் தூய அலுமினியம் மென்மையானது. விமானத்தில் சுமை தாங்காத இடங்களுக்கே அத்தகைய ரிவிட் பொருந்தும். சுமை தாங்கும் இடங்களில் செம்பும் மெக்னீசியமும் சிறிதளவு சேர்ந்த 2117 என்னும் கலவை வேண்டும். எது எந்த உலோகம் என்பதை ரிவிட்டின் தலையே சொல்லிவிடுகிறது. தலை வழவழப்பாக இருந்தால் அது மென்மையான தூய அலுமினியம். நடுவில் ஊசிமுனையளவு குழி இருந்தால் 2117. புடைத்த சிலுவைக்குறி மெக்னீசியக் கலவையையும், புடைத்த இரு கோடுகள் 2024 என்னும் வலிய கலவையையும் காட்டும். கடைசியாகச் சொன்ன ரிவிட்டைச் சூடாக்கிக் குளிர்வித்து, இறுகிவிடாதபடி உறைகுளிரில் வைத்திருந்து, வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்தாக வேண்டும் என்பதால் வீட்டில் விமானம் கட்டுவோர் அதன் பக்கம் போவதில்லை. 2117-இன் சிறு குழிக்கு இன்னொரு பயனும் உண்டு: கோணலாகப் போன ரிவிட்டை அகற்ற நேர்ந்தால், டிரில் முனை வழுக்காமல் சரியாக நடுவில் உட்கார அது இடம் தருகிறது.

தடிமனைத் தேர்வது எளிது. இணைக்கும் தகடுகளில் தடித்தது எதுவோ, ரிவிட்டின் விட்டம் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்க வேண்டும், 1 மி.மீ. தகட்டுக்கு அரைக்கால் அங்குல ரிவிட், அதாவது சுமார் 3.2 மி.மீ. இதைவிடத் தடித்ததை அடித்தால் தகடு நெளியும். மெலிந்ததை அடித்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று இழுபடும்போது அது வெட்டுப்பட்டுப் போகும். நுட்பமெல்லாம் நீளத்தில் இருக்கிறது.

ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுக்கும் தச்சர் கணக்கில் பார்த்தால், அரைக்கால் அங்குல ரிவிட் ஒரு நூல் தடிமன் உடையது. தகடுகளின் மொத்தக் கனத்தைத் தாண்டி அது ஒன்றரை நூல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடித்து முடித்தபின் உருவாகும் தலை ஒன்றரை நூல் அகலமும் அரை நூல் உயரமும் பெற வேண்டும். உலக விமானத்துறை முழுவதும் ஒப்புக்கொண்ட இந்த விகிதம், பட்டறைக்காரரின் நூல் கணக்கில் இவ்வளவு இயல்பாக அமர்ந்துவிடுவது ரசிக்கத்தக்கது. விரற்கடை அளவில் பழகிய கைக்குத் தசம எண்களின் துணையே தேவைப்படாது போலும்.

ஆனால் ரிவிட்டுகளின் நீளம் பெரும்பாலும் அரை நூல் படிகளில்தான் கிடைக்கிறது; தகடுகளின் கனமோ அந்தப் படிகளுக்குக் கட்டுப்படுவதில்லை. 0.8 மி.மீ. தகடும் 0.6 மி.மீ. தகடும் சேரும் இடத்தில் வேண்டிய நீளம் 6.2 மி.மீ.; இரண்டு நூல் ரிவிட் 6.35 மி.மீ. என்பதால் தொல்லையில்லை. இரண்டும் அரை மி.மீ. தகடுகளாக இருந்தால் வேண்டியது 5.8 மி.மீ.; ஒன்றரை நூல் ரிவிட் ஒரு மி.மீ. குறைகிறது, இரண்டு நூல் ரிவிட் அரை மி.மீ. மிகுகிறது. குறைந்ததை அடித்தால் தலை போதிய அகலம் பெறாமல் மெலிந்துபோகும். மிகுந்ததை அடித்தால், தாங்குக்கட்டை எனத்தக்க எஃகுத் துண்டின்மேல் முனை பரவுவதற்குள் தண்டு ஒருபக்கம் சாய்ந்து மடங்கும் வாய்ப்பு கூடும். தேர்ந்த கைவினைஞர் மிகுந்ததை எடுத்து நறுக்கி அடிப்பார். அவசரக்காரர் கையில் கிடைத்ததை அடித்துவிட்டுப் பிறகு டிரில்லைத் தேடுவார்.

நறுக்குவதிலும் தரம் உண்டு. சாதாரண வெட்டுக் குறட்டால் நறுக்கினால் முனை இருபுறமும் நசுங்கி உளிவாய் வடிவம் பெறும். அப்படிப்பட்ட முனையை எவ்வளவு நேராக அடித்தாலும் தலை நீள்வட்டமாகவே விரியும். இதற்கென அமைந்த கருவியில், துளையிட்ட இரு எஃகுத் தகடுகள் ஒன்றோடொன்று உரசிச் சுழன்று தண்டைக் கத்தரிக்கின்றன. ரிவிட்டின் தலைக்கடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகினால் வேண்டிய நீளத்தில் வெட்டு விழும். வெட்டிய முகத்தை அரத்தால் ஓரிரு முறை இழுத்துப் பிசிறு நீக்கி, தண்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டே துளையில் இட வேண்டும். முகம் சற்றே சரிந்திருந்தாலும் தலை அந்தப் பக்கமே நழுவும். ரிவிட்டின் அரிப்பைத் தடுக்கும் பூச்சு வெட்டுமுகத்தில் இல்லாததால், அடித்தபின் அங்கே பிரைமர் தொட்டுவைப்பது நல்லது. நறுக்கிய ரிவிட் தரம் தாழ்ந்தது என்று சிலர் எண்ணுவதுண்டு; அளவு சரியாகவும் முகம் நேராகவும் இருக்கும்வரை அவ்வெண்ணத்துக்கு ஆதாரமில்லை. பெட்டியிலிருந்து வந்தபடியே அடிக்கப்பட்ட தவறான நீளம்தான் உண்மையில் தாழ்ந்தது.

ஒருபக்கத்திலிருந்தே பொருத்தப்படும் பாப் ரிவிட்டில் இத்தனை ரசனைக்கு இடமில்லை. நடுக்கம்பியை இழுத்து முறித்தால் வேலை முடிந்தது.

நல்ல தறைவேலையின் தலை, பக்கங்கள் சற்றே புடைத்த ஒரு சிறு திரிகைக்கல்லைப் போல வட்டமாய், மேற்பரப்பு வழவழப்பாய், துளைக்கு நேர் நடுவே அமர்ந்திருக்கும். விளிம்பில் விரிசல் இராது, சுற்றியுள்ள தகட்டில் சுத்தியின் பிறைவடிவத் தழும்பு இராது. அத்தகைய தலைகள் ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில், தகட்டின் விளிம்பிலிருந்து இரண்டு விட்டத் தொலைவுக்குக் குறையாமல் வரிசை கட்டி நிற்கையில், அந்த ஒழுங்கு அழகுக்காகச் செய்யப்பட்டதன்று என்பதே அதன் அழகைக் கூட்டுகிறது.

ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் ஏறும் வாசகர்கள், படியில் கால்வைக்குமுன் வாசலை ஒட்டிய தகட்டை ஒரு கணம் பார்க்கலாம். அங்கே கண்ணில் படுவது ஆலையிலேயே உருவான தலைதான். அடித்தவரின் கைவேலை தகட்டின் உட்புறம் இருக்கிறது.