திரை மெலிகிறது, சுமை எங்கே போகிறது?

கைபேசித் திரையின் தோற்றம் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. தோல், மரம், நிழல் என்று நிஜப் பொருள்களைப் போலக் காட்டிய அலங்காரங்களை 2013இல் ஐஓஎஸ் 7 கழற்றிப் போட்டது. மறு ஆண்டே கூகுள் ‘மெட்டீரியல் டிசைன்’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. 2019இல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் டார்க் மோடு வந்தது. 2025 ஜூனில் ஆப்பிள், ஊடுருவித் தெரியும் பொத்தான்களோடு ‘லிக்விட் கிளாஸ்’ தோற்றத்தை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு மாற்றமும் திரையில் எதையோ குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அப்படிக் குறைக்கப்பட்ட வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? மென்பொருள் ஏற்றுக்கொண்டால் அது நல்ல வடிவமைப்பு. பயனர் தலையில் ஏறினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது குறைபாடுதான்.

இதை எடைபோடக் கோவையைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் திரைகளை வரைகிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளும் ஈரோட்டு மஞ்சள் மண்டிகளும் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்கள் அத்தனை பேர் கையிலும் கைபேசி இருக்கிறது. ஆனால் வரைபவரும் இவர்களும் சந்திப்பது அபூர்வம். வரையப்படும் திரைகளில் பெரும்பகுதி வெளிநாட்டு அலுவலகங்களுக்கானவை. அங்கே பழகிய கண்ணோடுதான் உள்ளூர்ச் செயலிகளும் வடிவமைக்கப்படுகின்றன.

முதலில் நிறைகள். விதித்தொகுப்புகள் வந்தபின் தேதி தேர்வதும் பிழை அறிவிப்பும் செயலிக்குச் செயலி மாறுவது குறைந்திருக்கிறது. ஒன்றில் பழகியவர் அடுத்ததில் திணறுவதில்லை. விரல் படும் இடம் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கூகுளும் ஆப்பிளும் அளவு வகுத்திருப்பதால், நாலு பேர் கொண்ட சிறு நிறுவனம்கூட நல்ல பொத்தானை வைத்துவிட முடிகிறது. 2016இல் வந்த யுபிஐ இத்தகைய சீர்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எந்தச் செயலியில் திறந்தாலும் க்யூஆர் கோடு, பெறுபவர் பெயர், தொகை, பின் நம்பர் என்று ஏறக்குறைய அதே வரிசைதான். கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி கோடையும் மென்பொருள் சுமக்கிறது. நெட் பேங்கிங் பக்கமே போகாத பெரியவர்கூட ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் கீரை வாங்கிவிட்டுக் கைபேசியை நீட்டுவதற்கு இந்த வரிசைதான் காரணம்.

அதே சீர்மைதான் பொறியாகவும் ஆனது. பணம் கேட்டு வந்த கோரிக்கைக்கும் இதே திரை, இதே பின் நம்பர். “உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போட்டால் வந்துவிடும்” என்று போனில் சொன்ன மோசடிக்காரரை நம்பிப் பலர் பணத்தை இழந்தார்கள். கொடுப்பதற்குத்தான் பின் தேவை, வாங்குவதற்குத் தேவையில்லை என்ற அடிப்படை உண்மை திரையில் துலக்கமாக இருக்கவில்லை. தனிநபர்களுக்கிடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்தியது. எச்சரிக்கை விளம்பரங்களால் ஆகாததை அந்த வசதியை எடுத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. ஏமாந்தவரைப் படிக்காதவர் என்று குறைசொல்வதை இனியாவது விட வேண்டும். இரண்டு எதிரெதிர் செயல்களை ஒரே மாதிரி காட்டியது வடிவமைப்பின் தவறு.

அடுத்தது மறைத்து வைக்கும் வழக்கம். மூன்று கோடு கொண்ட மெனு, நார்ம் காக்ஸ் 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தது. கைபேசியின் சிறிய திரையில் அது இடத்தை மிச்சப்படுத்தியது உண்மை. இன்று அதோடு மூன்று புள்ளி, பெயரில்லாத ஐகான், ஓரத்திலிருந்து இழுத்தால் மட்டும் தெரியும் பட்டியல் என்று வளர்ந்து நிற்கிறது. திரை சுத்தமாகிறது. எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பயனர் மனப்பாடம் செய்ய வேண்டும். முடியாதவருக்குப் பேரன்தான் உதவிப் பக்கம். 2018இல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலி, ஐகானுக்குக் கீழே சேவையின் பெயரைத் தமிழில் எழுதியது. பார்வைக்குப் பழைய பாணிதான். மானியத்தையோ சந்தை விலையையோ தேடி வருபவருக்கு அந்தப் பெயரே வழிகாட்டி.

மங்கலும் இந்த வகைதான். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறை. இளஞ்சாம்பல் எழுத்தை வெள்ளையில் வைப்பவர்களும், கண்ணாடிப் பொத்தானைப் படத்தின் மேல் மிதக்க விடுபவர்களும் இதை எளிதாக மீறுகிறார்கள். குளிரூட்டிய அறையில் அது படிக்கும்படி இருக்கலாம். பல்லடத்தில் உச்சிவெயிலில் லாரி ஓரம் நின்று ஓடிபி பார்ப்பவருக்கு ஆகாது. லிக்விட் கிளாஸ் மீதும் இதே புகார் எழ, சில மாதங்களில் ஐஓஎஸ் 26.1இல் ஒளிபுகும் தன்மையைக் குறைக்கும் தெரிவை ஆப்பிள் சேர்த்தது. டார்க் மோடு அப்படியல்ல. இரவில் கண் கூசாது, ஓஎல்இடி திரையில் பேட்டரியும் மிச்சமாகும். வெயிலில்தான் அது தோற்கிறது. பயனரே மாற்றிக்கொள்ள விடுவதால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

தமிழ் எழுத்துக்கு வரும்போது இந்தப் போக்குகளின் கவனக்குறைவு இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆறு ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்பதை ஏற்றினால், ‘சமர்ப்பிக்...’ என்று பாதியில் நிற்கிறது. ஆங்கிலத்துக்காக வைத்த வரி உயரத்தில் ‘கீ’யின் மேல்சுழியும் ‘று’வின் வாலும் வெட்டுப்படுகின்றன. ‘கி’யா ‘கீ’யா என்று தெரியாமல் போகிறது. நாகரிகமான மெல்லிய எழுத்துரு சிறிய அளவில் தமிழ்ச் சுழிகளைக் கரைத்துவிடுகிறது. 2010 ஜூனில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் கோவையில்தான் கூடியது. தமிழைக் கணினியில் சரியாக ஏற்றுவது அன்று பெரிய விவாதம். இன்று யூனிகோடு நிலைத்துவிட்டது, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நல்ல எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இனி தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது. தமிழில் போட்டுப் பார்க்காமலே வெளியிடுவதுதான் காரணம்.

கவனக்குறைவைவிட மோசமானது, வேண்டுமென்றே செய்வது. ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவை ரத்துசெய்யும் வழியை ஒளித்துவைப்பது ஆகியவை டார்க் பேட்டர்ன் எனப்படுகின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. விதி வந்தது நல்லது. ஆனால் அந்தத் திரையை வரைந்தவர் ஒரு டிசைனர். இது கூடாது என்று கூட்டத்தில் சொல்லும் துணிவையும் வடிவமைப்புக் கல்வி தர வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, கொங்கு நாட்டில் நன்றாக வேலைசெய்யும் ஓர் இடைமுகத்தை எந்த டிசைன் போட்டியிலும் பார்க்க முடியாது. மோட்டார் அறையில் சிம் கார்டோடு மாட்டப்பட்டிருக்கும் மொபைல் ஸ்டார்ட்டர்தான் அது. தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும், முன்புபோல டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டியதில்லை. அந்த எண்ணுக்கு அழைத்தால் தமிழ்க் குரல் பேசுகிறது. எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ ஒரு ஃபேஸ் போனாலோ தானே நிறுத்திக்கொண்டு தகவல் சொல்கிறது. பட்டன் போனே போதும். கடைகளில் தொகையைத் தமிழில் அறிவிக்கும் சவுண்ட்பாக்ஸும் இதே இனம். தராசும் கையுமாக இருப்பவர் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, போலி ஸ்கிரீன்ஷாட்டுக்கும் ஏமாற வேண்டியதில்லை. குறைகளும் உண்டு. குரல் மெதுவானது, நாலு விலைகளை ஒப்பிட உதவாது. சவுண்ட்பாக்ஸ் வரவைச் சுற்றியிருப்போர் காதிலும் போடும். சிம் ரீசார்ஜ் தீர்ந்தால் ஸ்டார்ட்டர் ஊமையாகிவிடும். ஆனாலும் இரண்டும் சுமையைத் தாங்களே ஏற்கின்றன.

இப்போது செயற்கை நுண்ணறிவு நிமிடங்களில் திரை வரைந்து தருகிறது. மெனுவுக்குப் பதில் காலியான உரையாடல் பெட்டி வருகிறது. தட்டச்சு தெரியாதவர் பேசியே வேலை முடிக்கலாம் என்பது பெரிய வாய்ப்பு. ஆனால் என்ன கேட்கலாம் என்று தெரியாதவருக்கு அந்தக் காலிப்பெட்டி மறைத்த மெனுவைவிடக் கடினம். பொதுப் பழக்கத்திலிருந்து கற்ற இயந்திரம், பழைய குறைகளைத்தான் வேகமாகப் பெருக்கும்.

எனவே கோவையின் நிறுவனங்களும் கல்லூரிகளும் ஒரு வழக்கத்தை ஏற்க வேண்டும். எந்தத் திரையும் வெளியாகும் முன் தமிழில் ஏற்றப்பட்டு, விலை குறைந்த கைபேசியில், வெயிலில், அவசரத்தில் இருக்கும் ஒருவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். அவர் தடுமாறிய இடத்தை அவருக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது, மாற்றி வரைய வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அந்தச் சோதனையில் தேறும் திரை எந்த நாட்டு அலுவலகத்திலும் தேறும்.