ஓமில் பத்திலொரு பங்கு

நேரோட்ட வோல்ற்றளவை இறக்கும் சுற்றுக்கும் ஏற்றும் சுற்றுக்கும் வேண்டிய உறுப்புகள் அவையேதான்: ஓர் ஆளி, ஓர் இருவாயி, ஒரு தூண்டி, ஒரு கொள்ளளவி. இறக்குவது பக், ஏற்றுவது பூஸ்ற். உறுப்புகள் இடம் மாறினால் தொழிலே தலைகீழாகிவிடும். இரண்டிலும் ஆளி விநாடிக்கு ஓர் இலட்சம் தடவை போல மூடித் திறக்கும். தூண்டி சக்தியை வாங்கி வைத்துக் கொடுக்கும். ஒரு சுழற்சியில் ஆளி மூடியிருக்கும் பங்கு வெளியீட்டைத் தீர்மானிக்கும். இந்தச் சுற்றுகளைக் கணினியில் மாதிரியுருவாக அமைத்து ஓடவிடுவது தனிக்கலை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தெரிவிலேயே அதைச் செய்பவரின் கைத்திறன் வெளிப்படும்.

வோல்ற்றளவைப் பொருத்தும் சிக்கல் இலங்கையின் வன்னிக்குப் புதிதல்ல. மின்சாரமும் இல்லாமல் பற்றரிக்கும் தடையிருந்த 1990களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். மிதிக்கும் கால் தளர்ந்தால் வோல்ற்றளவு இறங்கும், செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். இன்று அந்தச் சிக்கல் கூரைக்கு ஏறியிருக்கிறது. வற்றாப்பளையில், நந்திக்கடல் பக்கத்து வீடொன்றில் 36 கலங்கள் கொண்ட 100 வாற்று சோலார் தகடு இருப்பதாகக் கொள்ளலாம். உச்ச வலுவின்போது அது தருவது 18 வோல்ற்று என்று விபரத்தாள் சொல்லும். ஆனால் அந்த எண் 25 பாகை வெப்பநிலையில் அளந்தது. கண்ணகை அம்மன் பொங்கல் வரும் வைகாசி வெயிலில் கலங்கள் 60 பாகையை எட்டும். பாகைக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் இழந்து, தகடு பதினைந்தரை வோல்ற்றுக்கு வந்துவிடும். ஆகவே மாதிரியுருவில் முதலில் கவனிக்க வேண்டியது மாற்றியை அல்ல, அதற்கு ஊட்டும் மூலத்தை.

அந்தத் தகட்டிலிருந்து 12 வோல்ற்று விளக்குகளுக்கு ஊட்டும் பக் மாற்றியை எடுத்துக்கொள்வோம். விபரத்தாளின் 18ஐ 12 ஆக்க, ஆளி மூன்றில் இரண்டு பங்கு நேரம் மூடியிருக்க வேண்டும். தூண்டி 100 மைக்குரோ ஹென்றி, ஆளியின் வேகம் 100 கிலோ ஹேர்ட்ஸ் என்றால், தூண்டியின் ஓட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் 0.4 அம்பியர் ஏறி இறங்கும். திரையில் அது கூரிய முக்கோண அலையாக ஓடுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, சுமை ஓட்டம் 0.2 அம்பியருக்குக் கீழே போனதும் முக்கோணத்தின் அடி தரையைத் தொடும். இருவாயி ஓட்டத்தைப் பின்னோக்கிப் போக விடாது. சுழற்சியின் கடைசிப் பகுதியில் தூண்டி வெறுமையாக நிற்கும். அந்தக் கணத்திலிருந்து மூன்றில் இரண்டு என்ற கணக்கு செல்லாது, வெளியீடு 12ஐத் தாண்டி ஏறும். இருவாயியின் இடத்தில் இருபக்கமும் கடத்தும் ஆளியை வைத்தவருக்கு இந்த அழகான திருப்பம் தென்படாது.

தொடக்கமும் கவனிக்கத்தக்கது. கொள்ளளவி 100 மைக்குரோ பரட்டு, மூலம் அசையாத 18 வோல்ற்று, சுமை சொற்பம் என்று வைத்துச் சுற்றைத் திடீரென ஓடவிட்டால், வெளியீடு 12ஐத் தாண்டி 24ஐ எட்டப் பார்க்கும். தூண்டியில் 12 அம்பியர் பாயும். அதற்காக மூலத்திடம் சராசரியாக 8 அம்பியர் கேட்கும். குறுக்குச் சுற்றிலும் 6 அம்பியரளவே தரும் தகடு அதற்கு எங்கே போகும்? மூலத்தைத் தகடாகவே வரைந்தால் அந்தப் பாய்ச்சல் அடங்கிவிடும்.

இவற்றையெல்லாம் கணிக்கும் மென்பொருள்களின் மூதாதை, 1970களின் தொடக்கத்தில் பேர்க்லியில் லோரன்ஸ் நேகலும் டொனால்ட் பெடர்சனும் உருவாக்கிய ஸ்பைஸ். அது ஒருங்கிணைந்த சுற்றுகளுக்காகப் பிறந்தது. ஆளிச் சுற்றுகளின் திடீர் முறிவுகளில் தடுமாறும். மைக் எங்கல்ஹார்ட்டின் எல்ரிஸ்பைஸ் மாற்றிகளையே மனதில் வைத்து எழுதப்பட்டது, இலவசமாகவும் கிடைக்கிறது. எதில் செய்தாலும் கணிப்பின் நேரப் படி சிறிதாக இருக்க வேண்டும். பத்து மைக்குரோ விநாடிச் சுழற்சிக்கு 50 நானோ விநாடி நல்ல தொடக்கம். படி பெருத்தால் முக்கோணத்தின் முனை மழுங்கும், சராசரியும் பிசகும்.

பூஸ்ற் மாற்றியில்தான் இந்தக் கலை உச்சம் தொடுகிறது. இலட்சியச் சமன்பாட்டின்படி, ஆளி பாதி நேரம் மூடியிருந்தால் வெளியீடு இருமடங்கு, பத்தில் ஒன்பது பங்கு மூடியிருந்தால் பத்து மடங்கு; முழு நேரத்தை நெருங்க நெருங்க எல்லையே இல்லை. மாதிரியுருவில் தூண்டியின் கம்பிக்கு 0.1 ஓம் தடையைச் சேர்த்தால் போதும், கதை மாறிவிடும். 12 வோல்ற்று உள்ளீடு, 10 ஓம் சுமை. பாதி நேரத்தில் 24க்குப் பதில் 23.1 கிடைக்கும், வினைத்திறன் 96 சதவீதம். பத்தில் ஒன்பதில் 120 அல்ல, 60தான் வரும், அதுவே உச்சம். அங்கே தூண்டியில் 60 அம்பியர் ஓடும். சுமைக்குப் போகும் 360 வாற்றுக்குச் சமமாக இன்னொரு 360 வாற்று கம்பியில் வெந்து போகும். அதற்கு மேலும் ஆளியை மூடி வைத்தால் வெளியீடு இறங்கி, கடைசியில் பூச்சியமாகும். ஒரே ஒரு சிறு தடை எல்லையற்ற வாக்குறுதியை மலை போன்ற வளைகோடாக மாற்றுகிறது. அந்தச் சிகரத்தைத் திரையில் வரைந்து பார்க்காமல் பூஸ்ற் மாற்றியை அறிந்ததாகச் சொல்ல முடியாது.

ஆளியின் ஒவ்வொரு தட்டையும் பின்தொடர்வது ஒரு வழி. ஒரு சுழற்சியின் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்வது மற்றது. இதற்கு ஒழுங்கான கணிதம் தந்தவர்கள் கால்டெக்கின் மிடில்புரூக்கும் சூக்கும், ஆண்டு 1976. பின்னர் 1990இல் வோர்பேரியன், ஆளியையும் இருவாயியையும் சேர்த்து மூன்று முனையுள்ள ஒரே உறுப்பாக்கி, சுற்றில் நேரே பொருத்தும்படி செய்தார். கால்டெக்கில் ஆய்வு செய்த வி. இராமநாராயணன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எழுதிய பாடக்குறிப்புகளில் இந்த மரபைத் தெளிவாகக் கற்கலாம்.

பூஸ்ற் மாற்றியின் பிடிவாதக் குணம் சராசரி மாதிரியுருவில் பளிச்சென்று தெரியும். வெளியீட்டை உயர்த்த மூடும் பங்கைக் கூட்டினால், அது முதலில் இறங்கும், பிறகே ஏறும். ஆளி மூடியிருக்கையில் தூண்டி சக்தியைச் சேர்க்கிறதே தவிர, சுமைக்கு எதுவும் கொடுப்பதில்லை. மூடும் நேரம் கூடியதும் கொடுக்கும் நேரம் குறைகிறது. மேற்சொன்ன சுற்றை 100 மைக்குரோ ஹென்றித் தூண்டியோடு பாதி நேரத்தில் இயக்கினால், இந்த எதிர்க்குணம் 4 கிலோ ஹேர்ட்ஸ் அளவில் தலைகாட்டும். கட்டுப்பாட்டுச் சுற்றின் வேகத்தை அதற்கு வெகு கீழே வைக்காவிட்டால் வெளியீடு ஊசலாடத் தொடங்கும்.

2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. மின்னியல் படிக்க வன்னிப் பிள்ளை ஊரை விட்டுத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அப்படிப் படிப்பவர் தட்டுத் தட்டான மாதிரியுரு, சராசரி மாதிரியுரு இரண்டையும் ஒரே வரைபில் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. சராசரிக் கோடு குற்றலைகளின் நடுவே போனால் இரண்டும் ஒத்துப்போகின்றன. விலகினால் சுற்று, தூண்டி வெறுமையாக நிற்கும் நிலைக்குள் விழுந்திருக்கும், அல்லது ஒரு தடை விடுபட்டிருக்கும். ஆளி வேகத்தின் பாதியை நெருங்கும் அசைவுகளில் சராசரி மாதிரியுரு கைகொடுக்காது. அங்கே தட்டுத் தட்டாகக் கணிப்பதே வழி. இரண்டும் ஒத்துவந்த பின் தூண்டியைச் சுற்றி, அதன் தடையை மானியால் அளந்து, அந்த எண்ணை மாதிரியுருவில் இட்டு மறுபடியும் ஓடவிட வேண்டும்.